ஒரு நூலகரின் இசைத்தட்டுகள்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆங்கில இலக்கியம் பயில்வோர் பிலிப் லார்கினைப் பெரும்பாலும் இரண்டு மூன்று கவிதைகளின் வழியாகவே அறிகின்றனர். 'சர்ச் கோயிங்', 'தி விட்சன் வெட்டிங்ஸ்' முதலியவற்றைத் தாண்டி அவரைப் படிப்போர் குறைவு. அதே லார்கின் 1961 பிப்ரவரி முதல் 1971 டிசம்பர் வரை லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழில் மாதந்தோறும் ஜாஸ் இசைத்தட்டுகளுக்கு மதிப்புரை எழுதிவந்தார் என்பது வகுப்பறையில் அரிதாகவே பேசப்படுகிறது. அலுவல் நேரத்தில் ஹல் பல்கலைக்கழகத்தின் நூலகர்; மற்ற நேரத்தில், தமக்கு அனுப்பப்பட்ட புதிய தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுழலவிட்டுக் கேட்டு எழுதியவர். அம்மதிப்புரைகளின் தொகுப்பான 'ஆல் வாட் ஜாஸ்' 1970இல் ஃபேபர் பதிப்பகத்தின் வழியே வெளிவந்தது. அதற்கு அவர் எழுதிய முன்னுரை தொகுப்பைக் காட்டிலும் புகழ்பெற்றது. புகழைக் காட்டிலும் வசையே அதிகம் பெற்றது எனலாம்.

அம்முன்னுரை ஒரு வாக்குமூலம். தாம் இப்பணிக்கு வெளிப்படையாகவே தகுதியற்றவர் என்றும், பத்திரிகை அழைத்தபோது மறுத்திருக்க வேண்டும் என்றும் லார்கின் அதில் ஒப்புக்கொள்கிறார். மறுக்காததன் காரணத்தையும் கூறுகிறார். தம்மை ஜாஸ் ரசிகராகவே அவர் எண்ணிவந்தார். அணிவகுப்பு இசையோ வால்ட்ஸ் நடன இசையோ எப்படி அடையாளம் தெரியாமல் மாறிவிட இயலாதோ, அப்படியே ஜாஸும் மாறிவிட இயலாது என்று நம்பினார். தட்டுகள் வந்தன; ஊசி இறங்கியது; தமக்குத் தெரிந்த இசை அங்கே இல்லை என்பதை அவர் கண்டார். அதைச் சில காலம் வெளியே சொல்லாமலும் இருந்தார்.

ஓர் இசைத்தட்டைக் கேட்டு ரசிகர் ஒருவர் கொள்ளும் மகிழ்ச்சியும் எரிச்சலும் அவருடைய சொந்த விஷயம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்பதற்கு மேல் அதில் என்ன வரலாறு இருக்க முடியும்? லார்கினின் நேர்வு இக்கேள்விக்கு விடை தருகிறது. அவருடைய பிடித்தமும் வெறுப்பும் அவருடைய செவியில் மட்டும் பிறந்தவையாகத் தோன்றவில்லை. தொழிற்சங்கத் தகராறுகளும், வாடகை அறைகளின் விதிகளும், ஒரு தட்டின் பக்கத்தில் எத்தனை நிமிட ஒலி கொள்ளும் என்ற கணக்கும் அவற்றைச் சமைத்தன.

லார்கின் 1922இல் கவென்ட்ரி நகரில் பிறந்தார். தந்தை அந்நகராட்சியின் பொருளாளர். பதின்மவயது மகனின் ஆர்வத்தைக் கண்ட பெற்றோர் எளிய டிரம்ஸ் தொகுதி ஒன்றை வாங்கித் தந்தனர். 'டவுன் பீட்' என்னும் அமெரிக்க ஜாஸ் இதழுக்குச் சந்தாவும் கட்டினர். கவிதையில் தம் பெற்றோரை அவர் நடத்திய விதத்தை அறிந்தோர் இச்செய்தியைச் சற்று வியப்போடு படிப்பர். உள்ளூர் ஹிப்போட்ரோம் அரங்கில் பிரிட்டிஷ் நடனக் குழுக்களை நேரில் கேட்க முடிந்தது. ஆனால் ஆம்ஸ்ட்ராங்கையோ எல்லிங்டனையோ கேட்க வேண்டுமென்றால் தட்டு ஒன்றே வழி.

இதற்குக் காரணம் தூரம் மட்டுமன்று. ஆம்ஸ்ட்ராங் 1932இலும் எல்லிங்டன் 1933இலும் லண்டனில் வாசித்திருந்தனர். ஆனால் 1930களின் நடுப்பகுதியில், பிரிட்டிஷ் இசைக்கலைஞர்களுக்கு அமெரிக்காவில் அத்தகைய வாய்ப்பு மறுக்கப்படுகிறது என்ற தகராறு முற்றியது. விளைவாக அமெரிக்கக் குழுக்களுக்குப் பணி அனுமதி வழங்குவதைப் பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சகம் நிறுத்திக்கொண்டது. இத்தடை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. இடையே 1949இல் சிட்னி பெஷே லண்டன் மேடை ஒன்றில் அனுமதியின்றி வாசித்தார். ஏற்பாட்டாளர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஸ்டான் கென்டனின் குழுவும் ஆம்ஸ்ட்ராங்கும் பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்தது 1956இல்தான். தடை தொடங்கியபோது லார்கினுக்கு 13 வயது இருக்கும். அது தளர்ந்தபோது 34. ஒரு மனிதரின் செவி உருவாகும் பருவம் முழுவதும் அத்தடைக்குள் அடங்கிவிட்டது.

ஆகவே அத்தலைமுறைப் பிரிட்டிஷ் ரசிகருக்கு ஜாஸ் என்பது தட்டாகவே இருந்தது. 1933 முதல் தோன்றிய 'ரிதம் கிளப்'களில் உறுப்பினர்கள் கூடி அமர்ந்து தட்டுகளைக் கேட்டனர். ஒருவர் தட்டை அறிமுகப்படுத்திப் பேசுவார், மற்றவர்கள் விவாதிப்பர். எந்தத் தட்டில் யார் வாசித்தார், எந்த நாளில் பதிவானது என்று அட்டவணையிடும் துறையே அக்காலத்தில்தான் உருவாயிற்று. பாரிஸில் சார்ல் தெலோனே தொகுத்த 'ஹாட் டிஸ்கோகிராஃபி' 1936இல் வெளிவந்தது. கச்சேரிக்குச் செல்லும் ரசிகருக்கு இத்தகைய அறிவு தேவைப்படுவதில்லை. கலைஞரை ஒருபோதும் காணாத ரசிகருக்கோ இதுவே எல்லாம். பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். அம்மூன்று நிமிடத்துக்குள் ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட் எங்கே உயர்கிறது, பீ வீ ரஸ்ஸலின் கிளாரினெட் எங்கே தடுமாறுவதுபோல் நடித்து மீள்கிறது என்பதை நூறு முறை கேட்டு மனப்பாடம் செய்துவிட முடியும். 1940 முதல் 1943 வரை ஆக்ஸ்ஃபோர்டில் படித்த லார்கினும் அவருடைய நண்பர் கிங்ஸ்லி ஏமிஸும் செய்தது இதைத்தான். உடனுக்குடன் பிறந்து மறைவதற்காக வாசிக்கப்பட்ட மனோதர்ம இசை, மாறாத பாடம்போல் அவர்களுடைய நினைவில் படிந்தது.

இது எவ்வளவு தூரம் ஒரு செவியைத் திருப்பக்கூடும் என்பதற்குச் சான்று பிரான்சில் உண்டு. யூக் பனாசியே 1934இல் 'லெ ஜாஸ் ஹாட்' என்ற நூலை எழுதினார். ஜாஸை ஒரு கலையாகக் கொண்டு எழுதப்பட்ட தொடக்ககால நூல்களுள் அது முக்கியமானது. அதில் வெள்ளையினக் கலைஞர்களுக்கு அவர் மிகையான இடம் அளித்திருந்தார். 1942இல் வெளிவந்த 'தி ரியல் ஜாஸ்' நூலில் அப்பிழையை அவரே ஏற்றுக்கொண்டார். தாம் ஜாஸை முதலில் வெள்ளையர்களின் வழியே அறிந்ததால் அவர்களே அதன் அளவுகோல் என்று எண்ணிவிட்டதாக விளக்கமும் தந்தார். கைக்கு எது முதலில் எட்டியதோ அதுவே அசல் என்று தோன்றியிருக்கிறது. இத்தகைய ஒப்புதல்கள் விமர்சன வரலாற்றில் மிகக் குறைவு. பனாசியேயின் மற்ற பிடிவாதங்களை மன்னிக்க இதுவே போதுமானது. சில ஆண்டுகளில் அவரே பீபாப் என்பது ஜாஸே அன்று என்று அறிவித்து, தெலோனேயுடன் பிரிந்து, பிரெஞ்சு ஜாஸ் உலகை இரண்டாக்கினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பீபாப் பிறந்த காலம் இக்கதையில் முக்கியமானது. 1942 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பு பதிவு வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. டெக்கா நிறுவனம் 1943இல் உடன்பட்டது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை பிடிவாதமாக இருந்தன. ஹார்லெமின் சிறு விடுதிகளிலும் பெரிய குழுக்களின் பயணங்களிலும் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி முதலியோர் புதிய இசைமொழியை உருவாக்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. இருவரும் சேர்ந்து வாசித்த 1943ஆம் ஆண்டின் ஏர்ல் ஹைன்ஸ் குழு ஒரு தட்டுகூட விட்டுச்செல்லவில்லை. மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. தட்டில் அதன் படிகள் இல்லை. 1945 நவம்பரில் பார்க்கர் 'கோ-கோ'வைப் பதிவு செய்தபோது, தட்டு வழியே மட்டும் கேட்டுவந்தோருக்கு அது எங்கிருந்தோ குதித்துவந்ததுபோல் ஒலித்திருக்க வேண்டும்.

தற்செயலாக, அதே ஆண்டுகளில் லார்கினிடம் கிராமஃபோனும் இல்லை. 1943இல் ஆக்ஸ்ஃபோர்டை விட்டு நீங்கியவர் வெலிங்டன் என்னும் சிற்றூரின் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்; பிறகு லெஸ்டர். தங்கிய வாடகை அறைகளில் ஜாஸுக்கு வரவேற்பு இருக்கவில்லை. 1948இல்தான் தம் தட்டுகளோடும் அவற்றை இயக்கும் கருவியோடும் மீண்டும் சேர்ந்தார். சேர்ந்தபின் பழையவற்றையே மறுபடி கேட்டதாகவும், ஏற்கனவே உள்ள வழியில் தொடரும் தட்டுகளை மட்டும் புதிதாக வாங்கியதாகவும் முன்னுரையில் கூறுகிறார். அதே 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது. லார்கினுக்கு அது ஐயத்துக்குரிய பொருளாகவே பட்டது. நல்லதோடு கெட்டதையும் சேர்த்துக் கட்டி, கூடுதல் விலைக்குத் தலையில் கட்டும் வியாபாரம் என்று கருதினார். சிக்கனமான நூலகரின் கணக்கு இது, சிரிப்பதற்கில்லை. ஆனால் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல் இடம் தந்த அத்தட்டு, இசை கட்டப்படும் முறையையே மாற்றிக்கொண்டிருந்தது. ஜான் கோல்ட்ரேன் ஒரே ராகச்சாயலில் நெடுநேரம் சுழன்று சுழன்று ஏறும் வாசிப்பை மூன்று நிமிடத் தட்டில் எண்ணிப்பார்க்கவும் இயலாது. எல்.பி.யை விரும்பாத செவியும் கோல்ட்ரேனை விரும்பாத செவியும் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை.

இப்படி உருவான ஒருவரிடம்தான் 1961இல் புதிய தட்டுகள் வந்து குவிந்தன. அதற்கு ஆறேழு மாதங்களுக்கு முன், 1960 ஜூலையில், பியூலி என்ற ஊரில் நடந்த ஜாஸ் விழாவில் பழமை ரசிகர்களும் புதுமை ரசிகர்களும் மோதிக்கொண்டதில் மேடைக் கட்டமைப்பே சேதமுற்றது. பிபிசியின் நேரடி ஒளிபரப்பு இடையில் துண்டிக்கப்பட்டது. 1953இல் ஹம்ஃப்ரி லிட்டல்டன் தம் பழம்பாணிக் குழுவில் ஆல்டோ சாக்சஃபோன் கலைஞர் ஒருவரைச் சேர்த்ததற்காகப் பர்மிங்ஹாம் அரங்கில் ரசிகர்கள் அக்கலைஞரை வீட்டுக்குப் போகச் சொல்லிப் பதாகை பிடித்தனர். ஒரு வாத்தியத்தைச் சேர்த்ததற்கே இந்த எதிர்ப்பு. இச்சூழலில் லார்கினின் தொடக்க மதிப்புரைகள் பெரிதும் மரியாதையானவை. மதிப்புரை மொழியைக் கவனிப்போருக்கு அங்கே ஒரு பிளவு தென்படும். பழைய தட்டுகளைப் பற்றி எழுதும்போது இன்பத்தைச் சுட்டும் சொற்கள் இயல்பாக வருகின்றன. புதியவற்றைப் பற்றி எழுதும்போது அந்த இடத்தில் முயற்சியையும் திறமையையும் சுட்டும் சொற்கள் வந்து அமர்கின்றன. கலைஞர் பாராட்டப்படுகிறார், கேட்டவர் மகிழ்ந்தாரா என்பது சொல்லப்படுவதில்லை. விமர்சனத்தில் இது பழக்கமான உத்தி. இலக்கிய மதிப்புரையில் 'முக்கியமான முயற்சி' என்ற தொடர் பல வேளைகளில் ஆற்றும் பணியும் இதுவே.

லார்கின் தம் மௌனத்தை உடைத்த விதத்திலும் மொழிக்கே முதன்மைப் பங்கு உண்டு. பிடிக்காமைக்கான காரணத்தை அவர் முதலில் ஒலியில் தேடவில்லை; தமக்கு வயதாகிவிட்டதோ என்றுதான் ஐயுற்றார். அக்காலத்தில் அவருடைய செவித்திறன் உண்மையிலேயே குறையத் தொடங்கியிருந்தது. 1950களின் இறுதியில் ஷெட்லண்ட் தீவில் நடந்துசெல்கையில், உடன்வந்த மோனிகா ஜோன்ஸுக்குக் கேட்ட வானம்பாடிகளின் குரல் அவருக்குக் கேட்கவில்லை என்று வாழ்க்கை வரலாறு பதிவு செய்கிறது. பிற்காலத்தில் காதுக்கருவி அணிந்தார். பிறகு ஜாஸ் விமர்சகர்களின் நூல்களைப் புரட்டுகையில் ஒரு கருத்து அவரை நிறுத்தியது. பார்க்கருக்குப் பின்வந்த ஜாஸைத் தொடர வேண்டுமானால் கேட்பவரும் ஓரளவு இசைக்கலைஞராக இருக்க வேண்டும் என்பதே அது. 'நவீனம்' என்ற அடைமொழியையும் இக்கருத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது அவருக்கு எல்லாம் விளங்கியது. ஓவியத்திலும் கவிதையிலும் தாம் எதை வெறுத்தாரோ அதுவே ஜாஸுக்குள்ளும் நுழைந்துவிட்டது என்று முடிவு செய்தார். பார்க்கர், பவுண்ட், பிக்காசோ என்று மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். மூன்று பெயர்களின் ஆங்கில முதலெழுத்தும் ஒன்றாக அமைந்தது வாதத்துக்குக் கூடுதல் மினுக்கம் தந்தது என்பதையும் மறுக்க முடியாது.

இவ்வாதத்தின் வலுவை எளிதில் தள்ளிவிடலாகாது. கலை மகிழ்விக்க வேண்டும், மகிழாதவர் மகிழ்ந்ததாகப் பாசாங்கு செய்யக் கூடாது என்னும் நிலைப்பாட்டில் ஒரு நேர்மை உண்டு. பாசாங்கு செய்த ஒருவரே அதைச் சொல்வதால் அதன் எடை கூடுகிறது. கேட்பவரின் மீது தேர்வு வைக்கும் விமர்சனம், தோற்றவரை மௌனமாக்கிவிடுகிறது என்பதும் உண்மை. ஆயினும் லார்கின் ஒன்றைக் கவனிக்கவில்லை. பழைய ஜாஸைத் தாம் எந்தப் பயிற்சியும் இன்றி இயல்பாக அனுபவித்ததாக அவர் எண்ணினார். உண்மையில் பள்ளிப்பருவம் முதல் அமெரிக்க இதழ் படித்து, தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வாசிப்பவர் பெயரையெல்லாம் நெட்டுருச் செய்து அவர் பெற்றதும் பயிற்சிதான். இளமையில் பெற்ற பயிற்சி பயிற்சியாகத் தோன்றுவதில்லை. தாய்மொழியின் இலக்கணம் கடினமென்று எவருக்கும் தோன்றாததைப் போன்றது இது.

இதற்கு அவருடைய பத்தியிலேயே சான்று கிடைக்கிறது. 1965இல் பாப் டிலனின் 'ஹைவே 61 ரீவிசிட்டட்' வெளிவந்தபோது, தம் எல்லைக்கு அப்பாற்பட்ட அத்தட்டை ஆர்வத்தால் எடுத்துக் கேட்டதாகவும், அதற்குப் பலன் கிடைத்ததாகவும் லார்கின் எழுதினார். டிலனின் கரகரத்த ஏளனக் குரலை அவர் குறையாகக் கொள்ளவில்லை. 'டெசலேஷன் ரோ'வின் மெட்டு அவரை மயக்கியது. பாடலின் சொற்கள் புதிராகவும் ஒருவேளை அரைவேக்காடாகவும் இருக்கக்கூடும் என்று கருதியபோதும் அதற்காக அவர் சினங்கொள்ளவில்லை. அப்பாடல் 11 நிமிடத்துக்கும் மேல் நீள்வது; அதன் படிமங்கள் பவுண்டையும் எலியட்டையும் பெயர் சொல்லியே அழைப்பவை. நவீனத்துவத்தின் நீளமும் இருண்மையும் ஜாஸில் வந்தபோது பொறுக்காத அதே செவி, ராக் தட்டில் அவற்றைப் புன்னகையோடு ஏற்றுக்கொண்டது.

அதே டிலனை அதே காலத்தில் வேறொரு ரசிகர் கேட்டார். 1966 மே 17 அன்று மான்செஸ்டரின் ஃப்ரீ டிரேட் ஹாலில், டிலன் மின்கிதாரோடும் குழுவோடும் வாசித்துக்கொண்டிருந்தபோது அரங்கிலிருந்து ஒருவர் 'யூதாஸ்' என்று உரக்கக் கூவினார். நாட்டார் பாடகராக டிலனை நேசித்தோருக்கு மின்னொலி துரோகமாகப் பட்டது. அக்கூச்சலும் டிலனின் மறுமொழியும் பதிவாயின. லண்டன் ஆல்பர்ட் ஹாலில் நடந்ததாகத் தவறாகப் பெயரிடப்பட்டுக் கள்ளத்தட்டாகப் பல்லாண்டுகள் சுற்றிய பின், 1998இல் அந்நிகழ்ச்சி முறையாக வெளியிடப்பட்டது. ரசிகரின் எதிர்வினையே இசைத்தட்டின் பகுதியாகிவிட்ட அரிய நேர்வு இது. லார்கினையும் அந்த மான்செஸ்டர் ரசிகரையும் அருகருகே வைத்தால் ஒன்று விளங்கும். லார்கினுக்கு டிலனிடம் முன்பற்று எதுவும் இல்லை. ஆகவே இழப்பும் இல்லை. இழப்பதற்கு ஏதும் இல்லாத இடத்தில் புதுமை வெறும் புதுமையாக ஒலிக்கிறது. தனதென்று கருதிய இடத்தில் அதே புதுமை துரோகமாக ஒலிக்கிறது.

தனதென்று கருதியது எது என்ற கேள்வி இங்கே எழுகிறது. முன்னுரையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் கருத்து இதைத் தொடுகிறது. கறுப்பினக் கலைஞர் வெள்ளையரை மகிழ்விக்க விரும்பாத நிலை வந்தபோது, கலைஞருக்கும் அவையோருக்கும் இடையிலிருந்த இழுவிசை தளர்ந்தது என்று லார்கின் கூறுகிறார். அதே வாக்கியத்தின் பிற்பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது: போர் முடிந்து தொலைக்காட்சி வந்தபின் அவையோரும் அத்தகைய மகிழ்வை நாடவில்லை என்கிறது அது. பொறுப்பை இருபுறமும் பகிர்வதாக அதைப் படிக்கலாம். ஆனாலும் முற்பகுதியின் கனம் குறைவதில்லை. ஒருவரை மகிழ்விக்க விரும்பாமை அவருடைய உரிமை என்பதும், அவ்விருப்பமின்மைக்குக் காரணங்கள் உண்டு என்பதும் அவ்வாக்கியத்தில் இடம்பெறவில்லை.

காரணங்களை அவர் அறியாதவரும் அல்லர். 1960களில் எழுதிய மதிப்புரை ஒன்றில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை அடிமைமுறை ஒழிப்புக்கு ஒப்பான பெருநிகழ்வாகவே அவர் குறிப்பிட்டார். ஜாஸ் பிறந்த நிலைமைகள் அப்போராட்டத்தோடு மறையும், மறையவும் வேண்டும் என்ற தெளிவு அங்கே உண்டு. மறுபக்கத்தில் 1992இல் வெளியான அவருடைய கடிதத் தொகுப்பும், அடுத்த ஆண்டு ஆண்ட்ரூ மோஷன் எழுதிய வாழ்க்கை வரலாறும், நண்பர்களுக்கு எழுதிய மடல்களில் அவர் நிறவெறிச் சொற்களைத் தாராளமாகப் புழங்கியதை அம்பலப்படுத்தின. பெஸ்ஸி ஸ்மித்தின் குரலில் உருகியவரும் அம்மடல்களை எழுதியவரும் ஒருவரே. இம்முரணை இரட்டை வேடம் என்று ஒதுக்கிவிடுவதைவிட, தட்டு என்னும் பொருள் இத்தகைய பிளவுக்கு எவ்வளவு வசதியானது என்று ஆராய்வது பயன்தரும். தட்டைப் பிடிக்காதபோது நிறுத்திவிடலாம். அதில் பாடுபவர் அறைக்குள் வந்து அமர்வதில்லை, உரிமை கேட்பதில்லை, கேட்பவர் விரும்பும் வயதில், விரும்பும் மனநிலையில் என்றென்றும் பாடிக்கொண்டிருப்பார்.

உயிரோடிருந்த கலைஞர்கள் அப்படி இருக்கவில்லை, லார்கின் போற்றிய ஆம்ஸ்ட்ராங் உட்பட. 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைவது தடுக்கப்பட்டபோது, மகிழ்விப்போருள் முதன்மையானவராக அறியப்பட்ட அதே ஆம்ஸ்ட்ராங் அதிபர் ஐசனோவரை வெளிப்படையாகச் சாடினார். அரசு சார்பில் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த பயணத்தையும் கைவிட்டார். புன்னகைக்கும் ஆம்ஸ்ட்ராங்கையும் சினக்கும் கோல்ட்ரேனையும் எதிரெதிர்த் துருவங்களாக்கிய வரைபடத்தில் இந்நிகழ்வுக்கு இடமில்லை. 1963 செப்டம்பர் 15 அன்று அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் தேவாலயம் ஒன்றில் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமியர் பலியாயினர். இரண்டு மாதம் கழித்துக் கோல்ட்ரேன் 'அலபாமா'வைப் பதிவு செய்தார். அதில் சினமே இல்லை. ஒப்பாரிக்கு நெருக்கமான நிதானம்தான் உண்டு. நவீன ஜாஸ் என்றாலே அவையை வெறுக்கும் கூச்சல் என்று கொண்டவர்கள் இந்த ஐந்து நிமிடத்தை எங்கே வைப்பது என்று திகைக்க நேரும்.

அதே 1963இல், பிற்காலத்தில் அமிரி பராகா என்று அறியப்பட்ட லிராய் ஜோன்ஸ், 'டவுன் பீட்' இதழில் 'ஜாஸ் அண்ட் தி ஒயிட் கிரிட்டிக்' என்ற கட்டுரையை எழுதினார். சிறுவன் லார்கினுக்குப் பெற்றோர் சந்தா கட்டிய இதழ் அது. விமர்சகர்கள் இசையின் விளைவை மட்டும் ரசிக்கின்றனர், அவ்விசையை உருவாக்கிய மனநிலையையும் வாழ்வையும் அறிய முற்படுவதில்லை என்பது பராகாவின் குற்றச்சாட்டு. லார்கின் கேட்டது தட்டின் மூன்று நிமிடம். பராகா கேட்கச் சொன்னது அம்மூன்று நிமிடத்துக்கு முன்னும் பின்னும் இருந்ததை. பராகாவின் நிலைப்பாட்டிலும் இடர்கள் இல்லாமல் இல்லை. வாழ்வை அறிந்தபின்னரும் இசை பிடிக்காமல் போகலாம், அதைச் சொல்லும் உரிமை கேட்பவருக்கு இருந்தாக வேண்டும். ஆனால் பிடிக்காமைக்கு வரலாற்று விளக்கம் ஒன்றைத் துணைக்கழைப்பவர், அவ்வரலாற்றில் தம் இருக்கை எங்கே போடப்பட்டிருந்தது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். லார்கினின் முன்னுரை மற்ற எல்லாவற்றையும் சொல்கிறது, இதைச் சொல்லவில்லை.

கவிஞர் லார்கின் இதை அறிந்திருந்தார் என்பதுதான் விந்தை. 1954இல் எழுதிய 'ஃபார் சிட்னி பெஷே' என்ற கவிதையில், பெஷேயின் ஒரு சுரம் கேட்போர் ஒவ்வொருவருக்குள்ளும் அவரவர்க்கான நியூ ஆர்லியன்ஸைப் புனைந்துகொடுக்கிறது என்கிறார். அது பொய்யான நகரம் என்பதும் அக்கவிதைக்குத் தெரியும். அடுத்த ஆண்டு எழுதிய 'ரெஃபரன்ஸ் பேக்' கவிதையில், கிங் ஆலிவரின் 'ரிவர்சைட் ப்ளூஸ்' தட்டு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1923இல், லார்கின் பிறந்த மறு ஆண்டு, அமெரிக்காவில் சில கறுப்பினக் கலைஞர்கள் வாசித்தது ஓர் ஆங்கில வீட்டில் மகனுக்கும் தாய்க்கும் இடையே எதிர்பாராத பாலமாகிறது. இரண்டு கவிதைகளிலும் கேட்பவர் தம் தொலைவை அறிந்தே கேட்கிறார். அத்தொலைவைப் பற்றிய உணர்வு பத்து ஆண்டு மாதப் பத்தியில் மெல்லத் தேய்ந்துபோனது.

1967 ஜூலை 17 அன்று கோல்ட்ரேன் நாற்பது வயதில் இறந்தார். அதையொட்டி லார்கின் எழுதிய கட்டுரை இரங்கலுக்கு நேர்மாறானது. கோல்ட்ரேனின் கலையை அது ஈவிரக்கமின்றித் தாக்கியது. 'டெலிகிராஃப்' அதை அச்சிடவில்லை. ஆறு ஆண்டுகள் மரியாதையைக் காத்த பத்தியாளர் முழுமையாக மனந்திறந்தபோது பத்திரிகை அந்த மரியாதையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மூன்று ஆண்டுகள் கழித்துத் தொகுப்பின் முன்னுரை வந்தது. 1976இல் பிபிசியின் 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' நிகழ்ச்சியில் தனித்தீவுக்கு எடுத்துச்செல்லும் தட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்கப்பட்டபோது, ஆம்ஸ்ட்ராங்கையும் பெஸ்ஸி ஸ்மித்தையும் பில்லி ஹாலிடேயையும் அவர் தேர்ந்தார். ஜாஸ் தவிரவும் சில இருந்தன. 16ஆம் நூற்றாண்டின் தாமஸ் டாலிஸ் அவற்றுள் ஒருவர். டாலிஸின் அந்த இசைப்பா நாற்பது குரல்களுக்கு எழுதப்பட்டது. மூன்று நிமிடத் தட்டின் ஒரு பக்கத்தில் அது அடங்காது.